இணக்கமும் அணுக்கமும்

ஆய்வின் பயன் கட்டணமின்றி யாவரையும் சென்றடைதல் வேண்டும் என்னும் கருத்து, 2002ஆம் ஆண்டுப் புடாபெஸ்ட் அறிக்கையின் வழியாகத் 'திறந்த அணுக்கம்' எனப் பரவலாயிற்று. அக்கொள்கையை ஏற்பது பல்கலைக்கழகங்களுக்குக் கடினமன்று. அது பின்பற்றப்படுகின்றதா என்பதை எதனைக்கொண்டு அளப்பது என்பதே சிக்கல்.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் 2007இல் ஒரு வழி கண்டது. தனது களஞ்சியத்தில் இடப்பட்ட வெளியீடுகளே பதவியுயர்வில் கருத்திற் கொள்ளப்படும் என அது விதித்தது. கண்காணிப்பார் வேண்டாமலே காரியம் நடைபெற்றது. முனைவர் பட்டம் அறிவிக்கப்படுமுன் ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்குமாறு இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு 2016இல் பணித்ததும் இவ்வகையினதே.

பிரித்தானியாவின் 2021ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பீடு பின்பற்றிய அளவுகோல் வேறு. 2016 ஏப்ரலுக்குப் பின் ஏற்கப்பட்ட சஞ்சிகைக் கட்டுரைகள் குறித்த காலத்துள் களஞ்சியத்தில் இடப்பட்டனவா என அது நோக்கிற்று. கலைத்துறைக் கட்டுரையொன்று 24 மாதங்கள் வரை பூட்டப்பட்டிருப்பினும் விதிக்கு இணங்கியதாகவே கொள்ளப்பட்டது. நூல்கள் அவ்விதிக்கு உட்படவேயில்லை. கணக்கெடுப்பார்க்கு இது போதும், வாசகனுக்குப் போதாது.

இவ்வளவுகோலை மட்டக்களப்பு வாவிக்கரையில் வைத்து நோக்கினால் குறை தெளிவாகும். வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரையில் வவுணதீவு. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாகிய நிறுவனமும் இம்மாவட்டத்திலேயே உள்ளது. படுவான்கரையின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளும் கண்ணகி சடங்குகளும் வேளாண்மையும் வாவி மீன்பிடியும் ஆய்வாளர்க்கு வற்றாத பொருள்கள். அண்ணாவியார் இரவிரவாகச் சொல்ல, எழுதிக்கொண்டவற்றிலிருந்தே கூத்தாய்வு பிறக்கின்றது. அவ்வாய்வு ஆங்கிலத்தில் அச்சேறி, அதன் சுருக்கம் மட்டும் ஏதேனுமொரு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இடப்படுமாயின், ஆண்டறிக்கையில் ஓர் எண் கூடும். அண்ணாவியாரின் பேரன் கைத்தொலைபேசியில் தேடினால் அவனுக்குக் கிட்டுவது அச்சுருக்கமே. ஆய்வு தமிழிலேயே எழுதப்பட்டிருந்தாலும், தலைப்பு ஆங்கில எழுத்திற் பதியப்பட்டு ஏடு வெறும் படமாக ஏற்றப்பட்டிருந்தால், தமிழ்ச்சொல்லால் தேடுவோன் அதனைக் காணப்போவதில்லை.

2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் எவருடைய ஆணைக்கும் காத்திராமல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் திறந்து வைத்தது. இணக்கம் அளக்கும் அட்டவணைகளில் அதற்கு இடமில்லை. அங்கே தேடுவோனுக்கு நூல் கிடைக்கின்றது. ஆயினும் ஆர்வலர் உழைப்பைக் காட்டி அளவீடே வேண்டாம் என வாதிடுதல் பொருந்தாது. பல்கலைக்கழக ஆய்வேடுகளை வெளிக்கொணரும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கே உரியது.

வேண்டப்படுவது எளிய சோதனையே. களஞ்சியப் பதிவுகளிற் சிலவற்றை எழுந்தமானமாகத் தெரிந்து, தமிழிலே தேடி, முழு ஏடும் திறக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். அதனையும் வவுணதீவு போன்றதோர் ஊரிலிருந்து செய்தல் நன்று. வளாக வலையமைப்பினுள் இருந்து பார்த்தால், சந்தா செலுத்தப்பட்ட சஞ்சிகைகளின் பூட்டுகள் தாமாகவே திறந்துகொள்ளும்.