சிட்னி நியூமன்: ஊடக நிருவாகியின் கலையும் அதன் எல்லையும்

நாவலுக்கு ஆசிரியனும் ஓவியத்துக்கு ஓவியனும் உளர். அவரை மையமாகக் கொண்டு திறனாய்வாளர் தமது மதிப்பீட்டைத் தொடங்கலாம். தொலைக்காட்சி நாடகத்தைப் பொறுத்தவரை நிலைமை அத்துணை எளிதன்று. எழுத்தாளர், நெறியாளர், நடிகர் ஆகியோருக்கு அப்பால், எது எழுதப்படலாம், யார் எழுதலாம், அது எப்பொழுது மக்களைச் சென்றடையலாம் என்பவற்றைத் தீர்மானிக்கும் ஒருவர் இருக்கிறார். அவருடைய பெயரைப் பார்வையாளர் பெரும்பாலும் அறியார். ஆயினும் ஒரு தலைமுறையின் இரசனையை அவருடைய தெரிவுகள் உருவாக்கிவிடுவதுண்டு.

கனடாவிற் பிறந்து, பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகத்தின் போக்கை மாற்றி, மீண்டும் கனடா சென்று அரச திரைப்பட நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிய சிட்னி நியூமனின் (1917-1997) பணி இவ்வகையில் ஆராய்தற்குரியது. அதன் பிரித்தானியப் பகுதியைப் போற்றிப் பிற்பகுதியைச் சுருக்கமாகக் கடந்துவிடுவது வழக்கம். இரண்டையும் ஒருங்குவைத்து நோக்கும்போதே நிருவாகியொருவரின் கலை யாது, அதன் எல்லை யாது என்பன துலக்கமுறும்.

ரஷ்யாவிலிருந்து ரொறன்ரோவுக்குக் குடியேறிய யூதர் ஒருவரின் மகன் நியூமன். தந்தையார் சப்பாத்துக் கடை நடத்தியவர். வணிகச் சித்திரக்கலை பயின்ற நியூமன், 1941 இல் கனடியத் தேசியத் திரைப்படச் சபையிற் சேர்ந்தார். அதன் தலைவராயிருந்தவர், ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோன் கிரியர்சன். மீனவரின் உழைப்பை 1929 இல் 'டிரிஃப்டர்ஸ்' என்ற படத்தின் மூலம் திரைக்குக் கொண்டுவந்த கிரியர்சன், விவரணத் திரைப்பட இயக்கத்தின் முன்னோடியாவார். அவரிடத்து இரு கருத்துகள் இணைந்திருந்தன. உழைக்கும் மனிதரின் வாழ்வு திரைக்குரியது என்பது ஒன்று. திரைப்படம் அரசின் பணிக்கும் தேசிய ஒருமைப்பாட்டுக்கும் உதவவேண்டும் என்பது மற்றையது. நியூமன் இவ்விரண்டையும் பெற்றுக்கொண்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவருடைய பிற்கால வெற்றியும் வீழ்ச்சியும் இங்கேயே வேர்கொண்டுள்ளன.

1952 இல் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திற் சேர்ந்த நியூமன், 1954 இல் நாடகப் பிரிவின் மேற்பார்வையாளரானார். ஆதர் ஹெய்லி எழுதி 1956 இல் ஒளிபரப்பான 'ஃபிளைற் இன்ரு டேஞ்சர்' அவருடைய காலத்து நாடகங்களுட் புகழ்பெற்றது. அதனை பி.பி.சி.யும் ஒளிபரப்பியது. இத்தகைய கனடிய நாடகங்களே அவரைப் பிரித்தானியாவில் அறிமுகப்படுத்தின. 1958 இல் ஏ.பி.சி. என்னும் வர்த்தகத் தொலைக்காட்சி நிறுவனத்தின் நாடகத் தலைவராக அவர் அங்கு சென்றார்.

அங்கு 1956 முதல் ஒளிபரப்பாகிவந்த 'ஆம்செயர் தியேட்டர்' என்னும் தொடரை அவர் பொறுப்பேற்றார். அரங்கிற்கென எழுதப்பட்ட நாடகங்களும் மேற்றட்டினரின் வரவேற்பறை உரையாடல்களும் அக்காலத் தொலைக்காட்சி நாடகத்தில் மலிந்திருந்தன. வெளிநாட்டவரான நியூமன், பார்ப்போரின் வாழ்வு திரையில் இல்லாமையைக் கண்டுகொண்டார். தொலைக்காட்சிக்கென்றே, சமகால வாழ்வைப் பற்றியே எழுதுமாறு இளம் எழுத்தாளரைத் தூண்டினார். அலன் ஓவன் லிவர்ப்பூல் மக்களின் பேச்சுமொழியைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஹரோல்ட் பின்ரரின் 'எ நைற் அவுட்' 1960 இல் ஒளிபரப்பாயிற்று. ஆங்கில வர்க்க அமைப்பினுள் வளராத ஒருவருக்கு அவ்வமைப்பின் கூச்சங்கள் இருக்கவில்லை. அவருடைய அந்நியத்தன்மையே இங்கு அவருக்குப் பலமாயிற்று.

1963 தொடக்கத்தில் பி.பி.சி.யின் நாடகத் தலைவர் பொறுப்பை ஏற்ற நியூமன், நாடகப் பகுதியைத் தனிநாடகம், தொடர், தொடர்கதை என மூன்றாக வகுத்தார். அதுவரை ஒருவரே ஆற்றிவந்த தயாரிப்புப் பணியையும் நெறியாள்கையையும் வேறுபடுத்தினார். இது நெறியாளரின் சுதந்திரத்தைக் குறைத்தது எனக் கருதினோரும் உளர். இக்கண்டனம் முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அதே ஏற்பாடு, புதியவர் பலரைத் தயாரிப்பாளராக்கும் வாய்ப்பையும் தந்தது.

1963 நவம்பர் 23 இல் தொடங்கிய 'டொக்டர் ஹூ' இதற்கு நல்ல சான்றாகும். சனிக்கிழமை மாலை நேரத்துக்கென நியூமன் முன்னின்று உருவாக்கிய இத்தொடரின் தயாரிப்புப் பொறுப்பு, இருபத்தேழு வயதுப் பெண்ணான வெரிற்றி லம்பேட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. முதற்கதையை நெறிப்படுத்தியவர் இந்தியாவிற் பிறந்த வாரிஸ் ஹுசைன். விகாரமான வேற்றுலகப் பிராணிகள் தொடரில் இடம்பெறலாகாது என்பது நியூமனின் கட்டளை. லம்பேட் 'டாலெக்' என்னும் பாத்திரங்களைப் புகுத்தினார். நியூமன் சினந்தார், ஆயின் மக்கள் அவற்றை வரவேற்றபோது தமது தவறை ஏற்றுக்கொண்டார். தக்கோரைத் தெரிதல், பொறுப்பைக் கையளித்தல், பின்னர் தமது கருத்தையே விட்டுக்கொடுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நிருவாகியின் கலை எனலாம்.

1964 இல் தொடங்கிய 'த வெனஸ்டே பிளே' என்னும் வரிசையில் இக்கலை உச்சம் பெற்றது. நெல் டன் எழுதிய 'அப் த ஜங்ஷன்' (1965) சட்டவிரோதக் கருக்கலைப்பின் கொடுமையைக் காட்டியது. ஜெரமி சான்ட்ஃபோர்ட் எழுத, ரொனி கார்னற் தயாரித்து, கென் லோச் நெறிப்படுத்திய 'கெதி கம் ஹோம்' (1966) வீடிழந்த இளங்குடும்பமொன்றின் சிதைவைக் காட்டி நாட்டையே உலுக்கியது. இவற்றின் கலைப்பெருமை அப்படைப்பாளிகளுக்கே உரியது. அவர்கள் நுழையக்கூடிய வாயிலைத் திறந்துவைத்தமையே நியூமனின் பங்கு. அவ்வாயில் திறந்திருந்தமைக்கு, அவருக்கு மேலே பணிப்பாளர் நாயகமாக ஹியூ கிரீன் இருந்தமையும் ஒரு காரணமாகும். மேலிருந்து வரக்கூடிய அழுத்தத்தை அங்கு வேறொருவர் தாங்கினார்.

1967 இறுதியில் பி.பி.சி.யை விட்டு நீங்கிய நியூமன், 1970 இல் கனடா திரும்பினார். கிரியர்சன் அமர்ந்திருந்த அதே ஆசனம் அவருக்குக் கிடைத்தது. தேசியத் திரைப்படச் சபையின் தலைவராக 1975 வரை பணியாற்றினார். ஆனால் அவர் விட்டுச்சென்ற கனடா அதுவன்று. கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு மொழி பேசுவோரின் தேசிய உணர்வு எழுச்சியுற்றிருந்தது. 1970 ஒக்ரோபரில் தீவிரவாதிகள் பிரித்தானிய இராசதந்திரி ஒருவரையும் மாகாண அமைச்சர் ஒருவரையும் கடத்தினர், அமைச்சர் கொல்லப்பட்டார். மத்திய அரசு போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. இச்சூழலிலேயே சபையின் பிரெஞ்சுப் பிரிவுக் கலைஞர்கள் தமது படங்களை ஆக்கினர்.

டெனி ஆர்க்கான் 'ஒன் எ ஓ கொத்தோன்' என்ற படத்தில் கியூபெக் நெசவாலைத் தொழிலாளரின் அவலத்தைப் பதிவுசெய்தார். ஆலைத் தொழிலதிபர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. நியூமன் படத்தை வெளியிட மறுத்தார். 1976 வரை அது முடக்கப்பட்டிருந்தது. இரகசியப் பிரதிகளே கைமாறின. ஜில் குறூவின் அரசியல் விமரிசனப் படமொன்றும் இவ்வாறே தடுக்கப்பட்டது. நியூமனுக்கோ பிரெஞ்சு மொழி தெரியாது.

இலண்டனில் தொழிலாளரின் வாழ்வுக்குத் திரையைத் திறந்தவர், மொன்றியலில் அதே வாழ்வுக்கு அதனை மூடியது ஏன்? முதுமையோ மனமாற்றமோ இதற்குப் போதிய விளக்கமாகா. 'கெதி' அரசாங்கத்தின் வீடமைப்புக் கொள்கையைக் கண்டித்தது. அரசு என்னும் அமைப்பின் நியாயத்தை அது வினவவில்லை. கியூபெக் படங்களோ அந்நியாயத்தையே வினவின. கிரியர்சனிடம் பெற்ற இரு கருத்துகளும் முரணாத வரையில் நியூமன் துணிவுடையவராயிருந்தார். முரண்பட்டவிடத்து அவர் அரசின் பக்கம் நின்றார். பிரித்தானியாவில் அவருக்குப் பலமளித்த அந்நியத்தன்மை, கனடாவில் வேறுருக் கொண்டது. லிவர்ப்பூலின் கொச்சை அவருக்குப் புதிதாயினும் விளங்கியது. நெசவாலைத் தொழிலாளியின் பிரெஞ்சு விளங்கவில்லை. விளங்காத குரலை ஆபத்தான குரலாகக் கொள்வது அதிகாரத்தின் இயல்பு.

அவருக்கும் நியாயம் வழங்கவேண்டும். பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனத்தை நெருக்கடிக் காலத்திற் காக்கும் கடமை அவருக்கு இருந்தது. சபையின் படங்கள் தொலைக்காட்சி வழியே பெருந்தொகையான மக்களைச் சென்றடையவேண்டும் என அவர் உழைத்ததும் உண்மை. எனினும் தம்மைப் பாதுகாத்தவர் ஒருவர் இருந்தமையாலேயே தமது சாதனைகள் இயன்றன என்பதை, தாமே பிறரைப் பாதுகாக்கவேண்டிய வேளையில் அவர் நினைவுகூர்ந்தாரில்லை.

ஊடக நிருவாகியை அவர் வெளியிட்டவற்றைக் கொண்டு மட்டும் அளவிடுதல் பொருந்தாது. அவர் முடக்கியவையும் அவருடைய ஆக்கங்களின் பட்டியலிற் சேரவேண்டும். பல மொழிகள் வழங்கும் நாட்டில் இவ்வளவுகோல் மேலும் இன்றியமையாதது. தாம் அறியாத மொழியில் தமக்கு உவப்பற்றதைக் கூறும் கலைஞனுக்கும் இடமளிக்கும்போதே, வாயில் திறந்தவர் என்ற பெயர் நிருவாகியொருவருக்கு முழுமையாகப் பொருந்தும்.