பத்துக்குப் பத்து அறையில் ஒரு பாட்டு

இரவு பதினொன்றரைக்கு மேல்தான் எங்கள் தெருவில் குரல் பதிவு செய்ய முடியும். அதற்குள் குக்கர் விசில்கள் அடங்கியிருக்கும். எதிர்வீட்டு மோட்டாரும் நின்றிருக்கும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை அணைத்து, பீரோவின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைப்பேன். பாடுபவர் உள்ளே தொங்கும் துணிகளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மைக் அவருக்கு முன்னால். எதிரொலியை அந்தத் துணிகள் பெருமளவு வாங்கிக்கொள்ளும். வியர்த்துக் கொட்டும். ஒரு சரணம் முடிந்ததும் விசிறியைப் போட்டு ஐந்து நிமிடம் ஆறிவிட்டு அடுத்த சரணத்துக்குப் போவோம். பகலில் வங்கி வேலை, இரவில் இது என்று பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

இப்படி வீட்டிலேயே பாட்டு செய்பவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே, கிடைத்த நேரத்தில் மெட்டுப் போட்டு, வாசித்து, பாடவைத்து, மிக்ஸும் செய்து முடிக்கிறார்கள். இந்தப் பழக்கம் இசைக்குப் பெரிய நன்மை செய்திருக்கிறது என்று முழுமனதாக நம்புகிறேன். அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதையும் என் வேலையிலேயே பார்த்திருக்கிறேன்.

முதலில் நன்மை. வாடகை ஸ்டுடியோவில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பழகிய பாடகர் அரைமணியில் பாடிவிட்டுப் போவார். மைக்கையே பார்த்திராதவருக்கு அந்த அரைமணி தொண்டையை இறுக்கத்தான் உதவும். எனக்குப் பாடிய ஒருவர் பள்ளி ஆசிரியை. கோயிலில் பாடிப் பழகிய குரல்; ஆனால் ஹெட்போனை மாட்டியதும் சுருங்கிப் போய்விட்டது. முதல் நாள் எதுவும் தேறவில்லை, இரண்டாம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கிவைத்துப் பாடச் சொன்னேன். தன் குரல் அறையில் கேட்டதும் அவர் தோள் இறங்கியது, பாட்டும் வந்தது. ஒரு குரலுக்காக ஐந்து இரவுகள் காத்திருக்க எந்தக் கால்ஷீட் கணக்கும் இடம் கொடுக்காது, வீடு கொடுத்தது.

வீட்டில் பதிவு செய்யக் கணினியே தேவையில்லை என்று காட்டியவர் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். கேசட்டில் நான்கு டிராக் பதியும் டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 1979இல் வந்தது. 1982இன் தொடக்கத்தில் நியூஜெர்சி வீட்டில் அதை வைத்துக்கொண்டு அவர் தன் புதுப் பாடல்களை மாதிரிக்காகப் பாடி வைத்தார். பிறகு இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் அவற்றையே பதிவு செய்து பார்த்தார். கேசட்டில் இருந்த தனிமை அதில் வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' ஆல்பமாக அதே ஆண்டு வெளிவந்தது.

இனிக் குறைகள். கருவி மலிவானது என்பதைக் குறையாக நான் எண்ணவில்லை. என் முதல் எதிரி அறைதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் அலை வெளியேறாமல் நின்று அதிரும். மூன்று அளவும் ஒன்றாகவே இருப்பதால் மூன்று திசையிலும் அதே 56 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மின் கனமும் பேஸ் கிடாரின் தாழ்ந்த ஸ்வரங்களும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. அறையின் நட்டநடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அந்த அலை காதுக்கு எட்டுவதே இல்லை. சுவரோரம் போனால் வயிற்றில் இடிக்கிறது. நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்பவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். மறுநாள் காரில் போட்டால் கதவு அதிரும், பாட்டு வரி புரியாது. முட்டை அட்டையை ஒட்டினால் சரியாகும் என்று நானும் நம்பி ஒட்டினேன். அந்த அலையின் நீளம் இருபதடி. இரண்டு அங்குல அட்டை அதை என்ன செய்யும்? மூலைகளில் தடித்த பஞ்சு மெத்தைகளை நிறுத்தி, நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்திய பிறகுதான் ஓரளவு உண்மை கேட்டது.

அறையைக்கூடச் சமாளித்துவிடலாம். தனிமையைச் சமாளிப்பதுதான் கடினம். 1997இல் வந்த ஆட்டோ-டியூனும் அதற்குப் பின் வந்த சுருதித் திருத்திகளும் இன்று எல்லார் கணினியிலும் இருக்கின்றன. தானியங்கியாக விட்டால் குரலை அவை பன்னிரண்டு சமமான படிகளில் ஏதாவது ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தும். தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்கும் ஸ்வரமே இல்லை. அதன் அசைவில்தான் ராகம் இருக்கிறது. மென்பொருளுக்கு அந்த அசைவு பிழை. இரவு இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கும் திரையில் வளைந்து நெளியும் கோடு பிழையாகத்தான் தெரியும், நேராக்கிவிடுவார். பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் கையைப் பிடித்திருப்பார்.

வீட்டுப் பதிவுக்குச் சாட்சியாக நாம் சொல்லும் பெயர்களை இந்த இடத்தில் மறுபடி பார்க்கவேண்டும். ஏ.ஆர்.ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு பஞ்சதன் ரெக்கார்ட் இன் கூடத்தை அமைத்தார்; 1992இல் அவர் இசையில் 'ரோஜா' படம் வந்தது. அந்த இசைக்குப் பின்னால் எச்.ஸ்ரீதர் என்ற ஒலிப்பொறியாளரின் காதும் இருந்தது. 2008இல் மறையும்வரை அவர் ரஹ்மானோடு பணியாற்றினார். பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம் 2019இல் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் அவருடைய அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் உருவானது என்று உலகமே பேசியது. அதை மிக்ஸ் செய்தவர் ராப் கினெல்ஸ்கி, மாஸ்டரிங் செய்தவர் ஜான் கிரீன்ஹாம். ஸ்பிரிங்ஸ்டீனின் கேசட்டையும் இசைத்தட்டாக வெட்டுவதற்குப் பொறியாளர்கள் படாதபாடு பட்டார்கள். மூன்றும் வீட்டில் பிறந்தவை. மூன்றுமே இன்னொருவர் காது வழியாகத்தான் வெளியே வந்தன. படுக்கையறைக் கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுவதால், புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாவற்றையும் தாமே செய்வதுதான் பெருமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

அந்த ஆசிரியையின் பாட்டை நான் முடித்தபோது அது பதினான்காவது மிக்ஸ். ஒரே பாட்டை முந்நூறு தடவை கேட்ட காதுக்கு அதில் எது நன்றாக இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். மதுரையில் இருக்கும் நண்பருக்கு அனுப்பினேன். பல வருடம் மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி அமைத்தவர். மறுநாள் அழைத்தார். பேஸைப் பற்றியோ ரிவெர்பைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தம்மா மூச்சே விடலியேங்க. எங்க போச்சு?"

சுத்தமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் இழுத்த மூச்சை எல்லாம் நான்தான் வெட்டி எடுத்திருந்தேன். இருபத்தாறு இடங்கள். அன்று இரவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வருகிற மூச்சு மட்டும் நீளமானது. உச்சஸ்தாயிக்குப் போவதற்காக அவர் தயாராகும் மூச்சு. அது திரும்பி வந்ததும், ஐந்தாம் நாள் அவர் தோள் இறங்கிய அந்த நொடி பாட்டுக்குள் கேட்டது.