சகிப்புத்தன்மையும் எதிர்ப்புரிமையும்: திறந்த கோயிலையும் பூட்டிய கோயிலையும் முன்வைத்து

1

கல்வராயன் மலையடிவாரத்தை ஒட்டியிருக்கிறது கள்ளக்குறிச்சி மாவட்டத்து எடுத்தவாய்நத்தம். 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசியன்று அவ்வூர் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முறையாகப் போய் வழிபட்டார்கள். தலைமுறைகளாக அடைபட்டிருந்த வழி, அறநிலையத் துறையின் அனுமதியோடும் போலீஸ் பந்தோபஸ்தோடும் அன்று திறந்தது. அதே ஆண்டு ஜூன் 7இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்கு வருவாய்த் துறை சீல் வைத்தது. ஏப்ரல் திருவிழாவில் உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டு, பேச்சுவார்த்தைகள் முறிந்து, கடைசியில் கோயிலே மூடப்பட்டது.

2019 வரை இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். ஒரே சட்டம், ஒரே அரசு. ஒரு கதவு திறந்தது, இன்னொன்று பூட்டப்பட்டது. இதை அதிகாரிகளின் சாமர்த்தியம், சாமர்த்தியமின்மை என்று மட்டும் படித்துவிட்டுப் போய்விட முடியாது. சகிப்பு, எதிர்ப்பு என்ற இரண்டு சொற்களை நம் பொதுவெளி எப்படிப் புழங்குகிறது என்பது இதற்குள் அடங்கியிருக்கிறது.

2

முதலில் சகிப்பு. வெயிலைச் சகிக்கிறோம், பல்வலியைச் சகிக்கிறோம், குடித்துவிட்டு வருகிற புருஷனைச் சகித்துக்கொள்ளச் சொல்கிறோம். சகிக்கப்படுவது எப்போதுமே ஒரு தொந்தரவுதான். சகிக்கிறவர் அந்த இடத்தின் சொந்தக்காரர். சகிக்கப்படுகிறவர் வந்தேறி, மிஞ்சிப்போனால் விருந்தாளி. ஆகவே ‘மத சகிப்புத்தன்மை’ என்று பேச ஆரம்பித்தவுடனேயே வீடு யாருடையது என்பதை நாம் முடிவு செய்துவிடுகிறோம். விருந்தாளி பந்தியில் கேள்வி கேட்டால் அது மரியாதைக்குறைவு ஆகிவிடுகிறது.

கோயில் நுழைவுக் கோரிக்கை எழுகிற ஊர்களில் எல்லாம் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: “இத்தன நாளா ஒத்துமையாத்தான இருந்தோம், வெளியாளு எவனோ வந்து தூண்டிவுட்டுட்டான்.” பொய் சொல்கிறார்கள் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். சொல்கிறவர்கள் மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். ஒரு தரப்பு வாய் திறக்காமல் இருந்த காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஒத்துமை. வாய் திறந்த அன்று ஒத்துமை ‘குலைகிறது’. ஆக, குலைத்தவர் யார் என்ற கேள்விக்கு விடை முன்கூட்டியே தயாராக இருக்கிறது.

3

அரசு இதில் எங்கே நிற்கிறது? சமாதானக் கூட்டம் என்ற ஏற்பாட்டைப் பார்ப்போம். தாசில்தார் அல்லது ஆர்.டி.ஓ. நடுவில் உட்கார, ‘இரு தரப்பினரும்’ எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் கையில் அரசியல் சட்டத்தின் 17ஆம், 25ஆம் பிரிவுகளும் 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டமும் இருக்கின்றன. இன்னொருவர் கையில் இருப்பது வழக்கம். இரண்டையும் ஒரே மேசையில் சரிசமமாக வைத்த கணத்தில் சட்டம் ஒரு கோரிக்கையாகச் சுருங்கிவிடுகிறது. வழக்கமோ பேரம் பேசத்தக்க உரிமையாக உயர்ந்துவிடுகிறது. நடுநிலை என்ற பாவனையின் வேலை இதுதான்.

மேல்பாதியில் கோயிலை மூட எடுக்கப்பட்ட ஆயுதம் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு. நிலம், நீர் சம்பந்தமான தகராறில் அமைதி கெடும் என்று தோன்றினால் பயன்படுத்துவது அது. வரப்புத் தகராறுக்கான பிரிவு. மனிதர் ஒருவர் சாமி முன்னால் நிற்கலாமா என்ற கேள்வி இங்கே எல்லைக்கல் தகராறாக மொழிபெயர்க்கப்பட்டது. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற உத்தரவின்படி கோயில் திறந்தபோதும் அன்றாடப் பூசைக்கு மட்டுமே அனுமதி, மக்களுக்கு இல்லை. 2025 ஏப்ரலில்தான் தலித்துகள் உள்ளே போக முடிந்தது. இடைப்பட்ட இரண்டாண்டும் யாருக்கும் கோயில் இல்லை, பார்த்தால் சமநீதி. ஆனால் ஒரு தரப்பின் கோரிக்கையே ‘அவங்க உள்ள வரக்கூடாது’ என்பதுதான். பூட்டிய கதவு அந்தக் கோரிக்கையை இரண்டாண்டு காலம் அரசுச் செலவில் நிறைவேற்றித் தந்தது.

4

சரி, அப்படியானால் எதிர்க்கிற சாதியினருக்கு எதிர்ப்புரிமை கிடையாதா? இங்கேதான் நம்மில் பலர் அவசரப்படுகிறோம். கிடையாது என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தக் கத்தி நாளைக்கு நம் பக்கம் திரும்பும்.

1953 மே 27, புத்தர் பிறந்த நாளன்று பெரியார் திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பிள்ளையார் பொம்மையை உடைத்தார். பக்தர்கள் மனம் புண்பட்டது என்று வழக்கு வந்தது. 1958இல் உச்சநீதிமன்றம், புனிதப் பொருள் என்பதற்குக் கீழ்நீதிமன்றங்கள் கொண்ட அர்த்தம் மிகக் குறுகலானது என்று கண்டித்தது. ஆனாலும் காலம் கடந்துவிட்டதால் வழக்கை மறுபடி கிளற மறுத்தது. தீர்ப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் போராட்டத்தின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். உடைபட்டது போராடியவர் தாமே கொண்டுவந்த மண் பொம்மை. எந்தக் கோயில் சிலையும் தொடப்படவில்லை, கும்பிடப் போன எவரும் மறிக்கப்படவில்லை. மனம் புண்பட்டது உண்மைதான். யாருடைய வழிபாடும் நிற்கவில்லை.

இட ஒதுக்கீட்டைச் சாடிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்கு எதிர்ப்பு வந்தபோது 1989இல் உச்சநீதிமன்றம், ஆர்ப்பாட்ட மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நசுக்குவது சட்டத்தின் ஆட்சியையே மறுப்பதாகும் என்றது. அந்தப் படத்தின் வாதம் எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்பு உடன்பாடுதான். நமக்குப் பிடிக்காத படத்துக்கு வழங்கிய பாதுகாப்பைத்தான் கோயில் வாசலில் நிற்கிறவருக்கும் கேட்கிறோம்: மிரட்டல் இருக்கிறது என்பதற்காக உரிமையைப் பூட்டாதே, மிரட்டுகிறவரைப் பார்.

ஆக ஓர் அளவுகோலை முன்வைக்கலாம். எதிர்ப்பவர் தன்னை விலக்கிக்கொள்கிறாரா, அடுத்தவரை விலக்குகிறாரா? தீட்டுப்பட்டுவிட்டது என்று நினைப்பவர் கோயிலுக்கு வராமல் இருக்கலாம், துண்டறிக்கை போடலாம், ஊர்வலம் போகலாம், கலெக்டர் ஆபீஸ் முன் உட்காரலாம். எவ்வளவு பிற்போக்கானது என்றாலும் அது பேச்சு. வாசலை மறித்து நிற்பது பேச்சு ஆகாது.

இந்த அளவுகோலிலும் ஓர் ஓட்டை உண்டு. விலகிக்கொள்வதே ஆயுதமாகிற இடம் நம் ஊர். நிலம் வைத்திருப்பவர் வேலை தர மாட்டேன் என்கிறார், கடைக்காரர் சாமான் தர மாட்டேன் என்கிறார். இதுவும் ‘நாங்க ஒதுங்கிக்கிறோம்’தான். கூலிக்காரர் வேலைக்குப் போகாமலிருப்பதும் நிலக்காரர் வேலை தராமலிருப்பதும் வடிவத்தில் ஒன்று, எடையில் ஒன்றல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது இதனால்தான். அதிகாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்காமல் எதிர்ப்புரிமையைப் பேசவே முடியாது.

5

இன்னொரு குரல் நம் முகாமிலிருந்தே வரும்: “அந்தக் கோயில் எதுக்குங்க? போகாம இருந்தா என்ன?” 1930இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் போராட்டம் நடத்திய அம்பேத்கரே 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவிக்கவில்லையா என்பார்கள். அறிவித்தார். ஆனால் அது கதவைத் தட்டிப் பார்த்தவரின் முடிவு. உள்ளே வர அனுமதிக்காத இடத்திலிருந்து ஒருவர் ‘வெளியேற’ முடியாது. நுழைய உரிமையுள்ளவர் நுழைய மறுக்கும்போதுதான் அது எதிர்ப்பாகிறது.

வெளியேறினால் விட்டார்களா என்பதையும் கேட்க வேண்டும். 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்துத் தலித்துகள் இஸ்லாத்தைத் தழுவியபோது தேசமே பதறியது. அந்நியப் பணம், சதி என்றார்கள். 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமே வந்தது, 2004இல் கைவிடப்பட்டது. உள்ளே வந்தால் ஒற்றுமை குலைகிறது, வெளியே போனால் மதம் குலைகிறது. இரண்டுக்கும் நடுவே வாசலிலேயே நிற்பதற்குத்தான் சகிப்புத்தன்மை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எடுத்தவாய்நத்தத்தில் திறந்தது பெரிய காரியம். ஆனால் பந்தோபஸ்தோடு நடக்கிற நுழைவு ஓர் அரசு நிகழ்ச்சி. அது வழிபாடாக மாறியதா என்பதை வைகுண்ட ஏகாதசி சொல்லாது. போலீஸ் வேன் இல்லாத, காமிரா இல்லாத ஏதோ ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சேரியிலிருந்து ஒரு பெண் தனியாகத் துளசி மாலையோடு போய்விட்டு, யாருடைய பெருந்தன்மைக்கும் நன்றி சொல்லாமல் வீடு திரும்ப முடிகிறதா என்பதுதான் கேள்வி. முடிகிற ஊரில் சகிப்புத்தன்மை என்ற சொல்லுக்கு வேலையிருக்காது.