ஞாயிற்றுக்கிழமைத் தச்சு

"பொழுதுபோக்குக்குச் செய்ததுதானே, இவ்வளவு வந்ததே பெரிது" என்ற சலுகையோடுதான் வார இறுதி மரவேலை பற்றிய பேச்சு பெரும்பாலும் தொடங்குகிறது. பாராட்டுபோல் ஒலித்தாலும் இது செய்தவரைச் சிறுமைப்படுத்துகிற சலுகை. முக்காலி ஆடுகிறதா, ஊன்றி நிற்கிறதா என்ற கேள்விக்கு, செய்தவர் எங்கே சம்பளம் வாங்குகிறார் என்பது பதில் ஆகாது. குமரி மாவட்டத்தில் வங்கி அலுவலர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கணினிப் பணியாளர் எனச் சிலர் கார் நிறுத்தும் இடத்தைப் பட்டறையாக்கி, வாரம் ஒரு பொருள் செய்து, கூட்டாளிகளுக்குக் காட்டி வருகிறார்கள். பொருளோடு வீட்டுச் செய்தியும் வருகிறது. பேரனுக்குப் பெயர் வைத்தது, அம்மாவின் மூட்டுவலி, மழையில் ஒழுகிய கூரை. பொருளை மட்டும் எடைபோட்டால் இவர்களுக்கு அநீதி. கதையை மட்டும் கேட்டால் மரத்துக்கு அநீதி.

அளவுகோல் தேடி வெளியே போக வேண்டியதில்லை. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1601 வாக்கில் தொடங்கியது, மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிந்தது. 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது, 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனாலும் அரண்மனையின் பராமரிப்பு இன்றுவரை கேரளத் தொல்லியல் துறையிடம். இந்த மாற்றங்களுக்கெல்லாம் நடுவே அதன் மரம் நிற்கிறது. நுழைவு முகப்பான பூமுகத்து விதானத்தில் உள்ள 90 வகைப் பூக்களையோ, தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் இழைத்த தூணையோ ஒரு வார இறுதிக்காரரின் முன்னால் வைப்பது நியாயமில்லை. அவை அரசனின் பொருளும் பரம்பரைத் தச்சரின் காலமும் சேர்ந்து விளைந்தவை. ஒப்பிட வேண்டியது கூரை. இப்பகுதியின் பழைய கூரைகளில் கழுக்கோல் என்னும் சாய்வுச் சட்டங்களைத் துளைத்து ஊடே வளை என்னும் குறுக்குக் கட்டை ஒன்று ஓடும். ஒரு கழுக்கோல் சாயப் பார்த்தால் மற்றவை விடுவதில்லை. மரம் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு போட்ட கணக்கு அது. ஆணியை நம்பாத கணக்கு என்பதால், கழற்றி இன்னோர் இடத்தில் பூட்டவும் முடியும். சாளரத்தில் சாய்த்துப் பொருத்திய அழிகளும் அப்படித்தான்: வெயிலைத் தடுக்கும், காற்றை விடும், உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியிலிருப்பவர் உள்ளே பார்க்க முடியாது. நான்கு வேலையை ஒரு பலகைத் துண்டின் சாய்வு செய்துவிடுகிறது. மரம் அசைய இடம் விடுவது, ஊரின் வானிலைக்கு ஏற்ற மரத்தைத் தேர்வது, அறையின் தேவையை வடிவத்தால் தீர்ப்பது என்ற இம்மூன்றையும் யாரிடமும் கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும்.

முதல் கேள்வியில் வார மரவேலை தோற்கிறது. மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அசைவதே இல்லை, அகலவாட்டில் அசையும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், ஆரத் திசையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இது எந்த ஊருக்கும் பொதுவான விதி. ஆனால் தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் பெய்கிற மாவட்டத்தில் இது ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டுக்குள் வந்து கதவைத் தட்டும். விளவங்கோட்டு ரப்பர் தோட்டங்களின் ஈரம் வேறு, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வேறு. மார்த்தாண்டத்தில் இழைத்த பலகை தோவாளைக்குப் போனதும் அளவு மாறும். வார மரவேலைக்காரர் இதை அறியாதவர் அல்லர். கேட்டால் நன்றாகவே விளக்குவார். ஆனாலும் ஞாயிறு மாலைக்குள் பொருள் முடிந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் மேசைப் பலகையைச் சட்டத்தோடு நாலு பக்கமும் திருகாணியால் முடுக்கிவிடுகிறார். பலகைக்கு அசைய வழியில்லை. அடுத்த கோடையில் நடுவே வெடிக்கும். ஆணித் துளையை நீள்வட்டமாக்கினால் போதும், பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை இல்லாமல் செய்யும் வேலை முறையைத்தான் நான் விமர்சிக்கிறேன். வெள்ளிக்கிழமை மர மில்லில் வாங்கியது ஞாயிறு பாலிஷ் காண்கிறது. அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காயவிடு என்பது மேலைநாட்டுத் தச்சரின் பழங்கணக்கு. நம் வெயிலில் அது குறையலாம், இரண்டு நாளாகக் குறையாது. வாரம் என்பது பார்வையாளருக்கு வசதியான அலகு. மரம் அந்தக் கணக்கில் சேராது.

மரத் தேர்வில் மதிப்பெண் ஏறுகிறது. ரப்பர் மரத்தை எடுத்துக்கொண்டதே நல்ல முடிவு. பால் வடிப்பது ஓய்ந்தபின் விறகாகிவந்த மரம் அது. வெளிர்நிறம், இழைக்க எளிது. ஆனால் அறுத்தவுடன் போராக்ஸ் மருந்து ஏற்றாவிட்டால் நீலம் பாயும், வண்டு துளைக்கும். இந்த எச்சரிக்கையைப் பெரும்பாலோர் கடைப்பிடிக்கிறார்கள். அதைவிடச் சிறந்தது இடித்த வீட்டு மரம். பல மழைக்காலம் பார்த்துவிட்ட அயினி உத்தரமோ நிரைப்பலகையோ பச்சை மரத்தைப்போல் இனிச் சுருங்கப் போவதில்லை. காயவைக்கும் காலத்தை யாரோ ஒரு மூத்தவர் ஏற்கெனவே செலுத்திவிட்டார். இங்கே ஒரு கறாரும் தேவை. முழுசாக இருக்கும் நெல் பத்தாயத்தை அறுத்துத் தொலைக்காட்சி வைக்கும் அலமாரி செய்வதை மீட்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்தாயத்தின் மூலை இணைப்பை அழித்துவிட்டு அதன் பலகையை மட்டும் புகழ்வது முறையற்ற புகழ். மேல்பூச்சில் கடையில் விற்கும் பளபளப்பான வார்னிஷையே நாடுகிறார்கள். முந்திரி அண்டியின் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கழுக்கோலுக்கும் வள்ளத்துக்கும் பூசிய மாவட்டம் இது என்ற நினைவு யாருக்கும் வரவில்லை. அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், மேசைக்கு ஆகாது என்பது சரியான எதிர்வாதம். வீட்டுக்கு வெளியே போடும் பெஞ்சுக்கு என்ன தடை?

இப்படி இணைப்பை விட்டு மரத்தை மட்டும் சொல்லி மதிப்பு ஏற்றும் பழக்கம் அரண்மனையிலும் உண்டு. அங்குள்ள மூலிகைக் கட்டில் 64 மரங்களால் ஆனது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கூட்டம் வியந்து நகரும். கட்டிலின் விகிதம் எப்படி, கால் எப்படிச் சட்டத்தில் இறங்குகிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அண்மையில் பரவிய ஒரு வகைமையைத் தனியே சொல்ல வேண்டும். பட்டை ஓரம் நீக்காத பெரும்பலகை, நடுவே நீல ரெசின் ஆறு. பட்டை ஓரத்தை மேசைக்குக் கொண்டுவந்து மதிப்புத் தேடித் தந்தவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் நாகஷிமா. அவர் நமக்கு அந்நியர் அல்லர். 1937இல் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்த்து, அதற்குத் தேக்கில் அறைகலன்களும் வடிவமைத்தவர். பின்னாளில் அமெரிக்காவில் அவர் செய்த மேசைகளில் விரிசல் விரிசலாகவே இருக்கும். வண்ணத்துப்பூச்சி வடிவ மரச் சாவி ஒன்று அதைப் பிடித்து நிறுத்தும். பிளவு தெரியும், பிளவுக்குச் சொன்ன பதிலும் தெரியும். ரெசின் ஆறு அந்தப் பிளவை ஊற்றி மூடிவிட்டு அதையே அழகு என்கிறது. செய்நேர்த்தி சிலவற்றில் உயர்தரம் என்பதை மறுக்கவில்லை. வடிவச் சிந்தனையில் அவை வெறுமை.

வீட்டுக் கதைக்கு வருவோம். அது சில நேரம் பொருளுக்குள் இறங்குகிறது, சில நேரம் பொருளின்மேல் போர்வையாகிறது. தரையில் உட்கார முடியாத தாய்க்காக உயர்த்திச் செய்த தேங்காய் துருவும் மணை ஒன்றைப் பார்த்தேன். அலகின் உயரம் அவர் முழங்காலிலிருந்து எடுத்த அளவு. கால்கள் வெளிப்புறம் சற்றே விரிந்திருந்தன, அழுத்தும்போது மணை சாயாமல் இருக்க. வலியின் விவரம் ஒவ்வொன்றும் ஓர் அங்குலமாக மாறியிருந்தது. அங்கே கதையை நீக்கினால் வடிவம் புரியாது. எந்த அறைகலன் கடையும் இதைத் தர முடியாது. 18ஆம் நூற்றாண்டு அரண்மனைத் தச்சருக்கும் இந்தக் கேள்வி வந்திராது. எதிர்ப்பக்கத்தில் பேரனுக்கான தொட்டில்கள். பெயர் செதுக்கியிருக்கும், பிறந்த நாழிகை செதுக்கியிருக்கும், கண்கலங்க வைக்கும் பேச்சும் கூடவே இருக்கும். அழிகளின் இடைவெளியை அளந்தால் ஒரு கை தாராளமாக நுழைகிறது. அமெரிக்கப் பாதுகாப்பு விதி அந்த இடைவெளியைச் சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல் அனுமதிப்பதில்லை, குழந்தையின் உடல் நழுவித் தலை மாட்டிக்கொள்ளும் என்பதால். பாசம் ஏராளம், அளவு மட்டும் இல்லை. இத்தகைய பொருளைக் கதைக்காகப் பாராட்டுகிற கூட்டமும் குற்றத்தில் பங்கு வகிக்கிறது.

கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி 1909இல் இந்தியக் கைவினைஞரைப் பற்றி எழுதிய நூல் பரம்பரைத் தொழிலையும் கைவினைக் குழுமத்தையும் வலுவாக ஆதரித்தது. அந்த வாதத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தச்சருக்கு இடமே இல்லை. இழைப்புளி ஆசாரிக்கு மட்டும் உரியது என்ற கோட்டை இவர்கள் ஓசையின்றி அழித்திருக்கிறார்கள். அது சமூகப் பேறு, சிறியதும் அன்று. ஆனால் கெட்டுப்போன பலகைக்கு இவர்களிடம் சம்பளப் பணம் இருக்கிறது. கூலிக்கு நிற்கும் ஆசாரிக்கு ஒரு பலகை கெட்டால் அன்றைய வரவு போச்சு. அவர் இன்று பிளைவுட் சமையலறை அலமாரி பூட்டிக்கொண்டிருக்கிறார், கழுந்தும் துளையும் போடச் சொல்லி யாரும் காசு தருவதில்லை. வடிவமைப்பாளர் டேவிட் பை 1968இல் பிரித்துக் காட்டிய இரு வேலைத்திறன்களில், கை தவறினால் கெட்டுவிடும் வேலை, கருவியே முடிவை உறுதிசெய்யும் வேலை என்பவற்றில், வார மரவேலையின் பெரும்பகுதி இரண்டாவது. அச்சும் சட்டமும் மாட்டிய மின்கருவி தவறவிடாது. அதில் வெட்கம் ஏதுமில்லை, ஆனால் கை நடுங்கிய கதையாக அதைச் சொல்வது சரியல்ல.

என் தீர்ப்பு: இணைப்பிலும் மரம் பற்றிய பொறுமையிலும் இவ்வேலைகள் இரண்டாம் தரம். பொருத்தத்தில், அதாவது ஒரு குறிப்பிட்ட உடலுக்கும் ஒரு குறிப்பிட்ட மூலைக்கும் செய்யப்படும்போது, முதல் தரம். அந்த வகையில் இம்மாவட்டத்தில் இன்று வேறு யாரும் இவர்களுக்கு ஈடில்லை. புதிய பொருளை வாராவாரம் பார்க்க எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. பங்குனியில் செய்த மேசையின் இழுப்பறையை ஐப்பசி மழைக்கு நடுவே ஒருமுறை இழுத்துக் காட்டட்டும். சிக்காமல் வந்தால், இணைப்பு பற்றி மேலே எழுதியதை அந்த ஒருவர் விஷயத்தில் திருத்திக்கொள்கிறேன்.