பதினாறிலிருந்து பதினெட்டுக்கு

பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் கடைசி ஆண்டு முடியப்போகும் நாட்களில் ஸ்லாம் புக் ஒன்று வகுப்பு முழுக்கக் கைமாறிக்கொண்டிருக்கும். பெயர், செல்லப்பெயர், பிடித்த நிறம், பிடித்த பாடகர், மனதுக்குள் வைத்திருக்கும் ஆள் யார், காதல் என்றால் என்ன என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். நடுவில் எங்கோ ஒரு மூலையில், என்ன ஆகப்போகிறாய் என்று ஒரு கேள்வி. காதலுக்கு நான்கு வரி எழுதுகிறவர்கள் இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர்வார்கள். நர்ஸ். இன்ஜினீயர். கப்பல் வேலை.

அந்த நாட்டில் பள்ளியிறுதிப் பருவம் பற்றி வந்திருக்கும் கதைகளையும் படங்களையும் பாடல்களையும் மாணவர் கட்டுரைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, பிடித்த நிறத்துக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் இயக்குவதாக எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் யாரைப் படிக்கவைப்பது, பணம் யார் அனுப்புவது, அடுத்து யார் கிளம்புவது? இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. தின்பண்டம், ஜீப்னி வண்டிக் கட்டணம், கைபேசிக்கு ரீசார்ஜ், எதிர் வகுப்புப் பையனின் சிரிப்பு என்று அற்ப விஷயங்களின் முதுகில் ஏறித்தான் அது வரும். விமர்சகர்கள் இத்தகைய எழுத்தைப் பருவ வளர்ச்சிக் கதை என்ற பொதுத் தலைப்பில் அடக்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வளர்ச்சிக் கதையில் நாயகன் எதையாவது கற்றுக்கொண்டு வெளியே வருவான். இங்கே பெரும்பாலும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அதற்குள் பள்ளி முடிந்துவிடுகிறது.

மூத்தவர்களில் என்.வி.எம். கொன்சாலெஸிடமிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் எழுதியவர், 1997-இல் தேசியக் கலைஞர் என்ற கௌரவம் பெற்றவர். 'தி பிரெட் ஆஃப் சால்ட்' என்ற அவரது சிறுகதையின் நாயகனுக்கு வயது 14. பள்ளி முடிக்க அவனுக்கு இன்னும் காலமிருக்கிறது. ஆனாலும் பின்னால் வந்த எல்லாருக்கும் வழி போட்டவன் அவன்தான். விடிவதற்குள் எழுந்து, 15 சென்டாவோ சில்லறையைச் சட்டைப்பையில் குலுக்கிக்கொண்டே பேக்கரிக்குப் போய், வீட்டுக்குப் பான் தெ சால் ரொட்டி வாங்கி வருவது அவன் வேலை. போகும் வழியில் ஒரு ஸ்பானியரின் பெரிய வீடு. அவன் தாத்தா அந்தக் குடும்பத்தின் தென்னந்தோப்பில் மேற்பார்வையாளராக இருந்தவர். அந்த வீட்டுப் பெண் ஐடா இவன் வகுப்புத் தோழி. வயலின் கற்று, வெளிநாடுகளில் கச்சேரி செய்து, அவளைக் கைப்பிடிப்பதாகக் கனவு. அதே வீட்டு விருந்துக்கு வாத்தியக் குழுவில் ஒருவனாக வாசிக்கப் போகிறான். மேசையில் அடுக்கியிருந்த இனிப்புகளைக் கண்டதும் சில துண்டுகளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்கிறான். ஐடா பார்த்துவிடுகிறாள். எல்லாரும் போகட்டும், பெரிய பொட்டலமாகவே கட்டித் தருகிறேன் என்கிறாள். கோபித்திருந்தால்கூட அவனுக்குத் தாங்கியிருக்கும். வெளியே வந்து நண்பனோடு ரொட்டி வாங்கப் போகிறான், ரொட்டி இன்னும் வேகவில்லை. அவ்வளவுதான் கதை. வர்க்கம், காலனியம் என்ற சொற்கள் எங்கும் வரவில்லை. நாலைந்து இனிப்புத் துண்டு, கொஞ்சம் சில்லறை.

தகாலோக் மொழியில் இதே காரியத்தை இன்னும் மௌனமாகச் செய்தவர் ஜெனோவெவா எத்ரோசா மாத்தூத்தே. பலாங்கா பரிசு தகாலோக் சிறுகதைக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட 1951-இல் முதலிடம் பெற்றது அவரது 'குவெந்தோ நி மபூத்தி'. ஒரு மாணவி தன் பழைய ஆசிரியையை நினைத்துச் சொல்லும் கதை. ஏதோ ஒரு சின்ன வருத்தத்தோடு நூலகத்தின் மூலையில் அழப் போன இடத்தில் அந்த ஆசிரியை அவளைக் காண்கிறார். அவரும் அழுவதற்கு அங்கேதான் வருவது வழக்கம் என்று தெரியவருகிறது. மகளை டாக்டர் ஆக்குவேன் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் குழந்தையின் தகப்பனும் டாக்டர். அவர் இறந்தபோது உடல் இவர்கள் வீட்டில் வைக்கப்படவில்லை. அந்த ஒரு தகவலிலிருந்து மீதியை வாசகர் புரிந்துகொள்ள வேண்டியதுதான். கதைசொல்லி மேலே ஒரு சொல் சேர்க்க மறுக்கிறாள். பிலிப்பைன்ஸ் பள்ளிக் கதைகளில் இதைத் தாண்டிய ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை.

பாடப்புத்தகத்துக்குள்ளேயும் ஒரு மாணவர் நாவல் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய வீரர் ஹோசே ரிசாலின் வாழ்வும் எழுத்தும் பாடத்திட்டத்தில் இருந்தாக வேண்டும். 1891-இல் வெளிவந்த அவரது இரண்டாம் நாவல் 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ' பத்தாம் வகுப்பில் வருகிறது. அதில் பிளாசிதோ பெனிதெந்தே என்ற மாணவன் இயற்பியல் வகுப்பில் பேராசிரியரிடம் அவமானப்பட்டு, படிப்பே வேண்டாம் என்று எழுந்து போகிறான். தேர்வுக்குப் படி என்று கையில் கொடுக்கும் புத்தகத்துக்குள் இப்படி ஒருவனை வைத்திருக்கிறார்கள்.

சினிமா வேறு பாதையில் போனது. 1983 ஆகஸ்ட் 21 அன்று மணிலா விமான நிலையத்தில் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு கொதித்துக்கொண்டிருந்த அடுத்த ஆண்டில் வந்து சக்கைப்போடு போட்ட படம் மார்யோ ஜே. தெ லோஸ் ரெயெஸின் 'பாகெட்ஸ்'. பளிச்சிடும் வண்ண உடைகளில் ஐந்து பள்ளிப் பையன்கள், ஆட்டம், காதல், அரட்டை. அதில் நடித்த ரேமண்ட் லௌசெங்கோ பாடிய 'ஃபேர்வெல்' பாட்டு பட்டமளிப்பு விழாக்களில் பல தலைமுறைகளாக ஒலிக்கிறது. (ஐவரில் ஒருவரான ஹெர்பர்ட் பௌதிஸ்தா பிற்பாடு கேசோன் நகர மேயராக ஒன்பது ஆண்டுகள் இருந்தார். அந்த ஊரில் சினிமாவுக்கும் அரசியலுக்கும் நடுவில் சுவர் ஏதும் கிடையாது.) படத்தை அசட்டுத்தனம் என்று தள்ளுவது எளிது. நான் தள்ளமாட்டேன். ஊரே ஒரு கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அதைப் பேசாமல் இருக்க ஓர் இடம் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்திருக்கிறது. அதே ஆண்டுகளை 2007-இல் அவுரேயுஸ் சொலிட்டோ 'பிசாய்' படத்தில் திரும்பிப் பார்த்தார். பிலிப்பைன் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் அவர். அரசு உதவித்தொகையில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் அதிபர் மார்கோஸ் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் வளர்கிறார்கள். மார்கோஸ் நாட்டைவிட்டு ஓடியது 1986 பிப்ரவரி இறுதியில். அன்றைய கல்வியாண்டு முடிவது மார்ச்சில். ஒரு வகுப்பின் பிரிவும் ஓர் ஆட்சியின் முடிவும் இப்படி அடுத்தடுத்து வந்து விழுந்தது கதாசிரியர் எவரும் துணிந்து வைக்காத தற்செயல்.

சிரிக்கச் சிரிக்க எழுதியவர் பாப் ஓங். அது புனைபெயர், ஆள் யாரென்று வெளியே தெரியாது. 2001-இல் வந்த அவரது முதல் நூல், ஆரம்பப் பள்ளியிலிருந்து தொடங்கி, கல்லூரியைப் பாதியில் விட்டது உட்படச் சொல்லும் பள்ளி நினைவுகள். பென்சில் பெட்டி, காப்பியடித்தது, கணக்கு வாத்தியார் என்று சில்லறைச் சங்கதிகளாக அடுக்கிக்கொண்டே போவார். தெருவில் பேசும் மொழி, ஆங்கிலம் கலந்த தகாலோக். புத்தகமே வாங்காத பிள்ளைகள் வாங்கிப் படித்தார்கள். 2014-இல் படமாகவும் வந்தது. அவர் நகைச்சுவையின் அடியில் ஓடுவது அவமானம். தான் விட்டுவிட்ட படிப்புக்கு வீட்டார் கட்டிய பணம் ஒவ்வொரு பக்கத்திலும் கணக்கில் இருக்கிறது.

அதே 2014-இல் திரைக்கு வந்த 'டயரி நங் பங்கெட்' வாட்பேட் செயலியில் வளர்ந்த கதை. பணக்காரப் பையன், ஏழைப் பெண், ஒரே பள்ளி. இந்த வகையில் நூற்றுக்கணக்கில் வந்தன, அநேகமாக எல்லாம் ஒரே அச்சு. ஆனால் எழுதியவர்களும் பள்ளி, கல்லூரி வயதுப் பெண்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான் இதுவரை சொன்னவர்கள் எல்லாரும் அந்த வயதைக் கடந்து போனபின் அதைப் பற்றி எழுதியவர்கள்.

இந்தத் துறையை உண்மையில் புரட்டிப்போட்டது ஒரு சட்டம். 2013 வரை அங்கே ஆறு ஆண்டு ஆரம்பப் பள்ளி, நான்கு ஆண்டு உயர்நிலைப் பள்ளி, ஆக மொத்தம் பத்தே ஆண்டு. பதினாறு வயதில் பள்ளி முடிந்துவிடும். அந்த ஆண்டு மே மாதம் கையெழுத்தான புதிய கல்விச் சட்டம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளைச் சேர்த்தது. 2016-இல் அவை நாடெங்கும் தொடங்கின, 2018-இல் முதல் அணி வெளியேறியது. பள்ளியிறுதி நாயகனுக்கு இரண்டு வயது ஒரேயடியாகக் கூடிவிட்டது. பதினாறு வயதுக்காரன் எங்கே போவது என்று வீட்டார் முடிவு செய்தார்கள். பதினெட்டு வயதுக்காரி ஓட்டுப் போடலாம், வேலைக்கு விண்ணப்பிக்கலாம், பெண்களுக்கு அங்கே பெரிதாகக் கொண்டாடும் பதினெட்டாம் பிறந்தநாளும் பள்ளிச் சீருடைக் காலத்திலேயே வந்துவிடுகிறது. முந்தைய கதைகளில் கடைசி மாதத்தில் வந்த கேள்வி பத்தாம் வகுப்பிலேயே பாடப்பிரிவுப் படிவமாக நீட்டப்பட்டது: அறிவியலா, வணிகமா, மானுடக் கலைகளா, தொழிற்கல்வியா? இரண்டாண்டு கூடுதல் செலவு என்று பெற்றோர் முணுமுணுத்ததும் கதைகளுக்குள் வந்து சேர்ந்தது. 2023-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் 'சீனியர் ஹை' என்றே பெயர் வைத்துக்கொண்டு ஓடியது. அதற்குப் பத்தாண்டுக்கு முன் அந்தப் பெயரில் அங்கே ஒரு வகுப்பே கிடையாது.

பிரிவைத் தேர்வு செய்வது என்றால் நாட்டைத் தேர்வு செய்வது என்றும் பொருள். வெளிநாடுகளில் இருப்பவர்கள் 2023-இல் வங்கிகள் வழியாக வீட்டுக்கு அனுப்பிய தொகை 3,300 கோடி டாலருக்கு மேல். 2000-இல் வந்த 'அனாக்' படத்தில் ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்து திரும்பும் தாயாக வில்மா சாந்தோஸ் நடித்தார். அவர் அனுப்பிய பணத்தில் வளர்ந்த மகளுக்கு அவர்மேல் தீராத கோபம். அந்தக் கோபத்தைப் பிற்காலப் பிள்ளைகளின் எழுத்தில் அதிகம் காண முடியவில்லை. அட்டைப்பெட்டியில் வந்த சோப்பு வாசனை, வீடியோ அழைப்பில் உறைந்து நின்ற அம்மாவின் முகம் என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் கணக்குத் தேர்வுக்குப் போய்விடுகிறார்கள். பழகிப்போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கோபத்தைவிட அது படிக்கக் கடினமாக இருக்கிறது.

சில நேரம் தேர்வே செய்தியாகிவிடும். 2017 ஆகஸ்டில் கலோக்கான் நகரில் போதைப்பொருள் வேட்டை என்ற பெயரில் போலீசார் சுட்டுக் கொன்ற 17 வயதுப் பையன் பதினொன்றாம் வகுப்பு மாணவன். நாளைக்குப் பரீட்சை இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று அவன் கெஞ்சியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மூன்று போலீசார் 2018-இல் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ராண்டி ரிபாய் 2019-இல் எழுதிய 'பேட்ரன் செயின்ட்ஸ் ஆஃப் நத்திங்' நாவல் அந்தக் காலத்தைத் தொடுகிறது. அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டு படிக்கும் பிலிப்பினோ வம்சாவளிப் பையன், அப்படிக் கொல்லப்பட்ட தன் ஒன்றுவிட்ட சகோதரனைப் பற்றி விசாரிக்க விடுமுறையில் பிலிப்பைன்ஸ் போகிறான். நேர்மையான நாவல். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தெரிந்ததையெல்லாம் விளக்கிச் சொல்லிக்கொண்டு போகிறது. அது வெளியிலிருந்து வருகிறவனின் கதை, விளக்கம் அவனுக்குத்தான் தேவை.

உள்ளே இருப்பவர்களின் குரலைக் கேட்கப் பள்ளி இதழ்களுக்குத்தான் போக வேண்டும். 1991-ஆம் ஆண்டின் வளாக இதழியல் சட்டம் பள்ளிகளில் மாணவர் இதழை வளர்க்கச் சொல்கிறது. மாவட்டம், மண்டலம் என்று தேறி தேசிய அளவில் போட்டிகள் நடக்கின்றன. பலாங்கா பரிசிலும் 1998 முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டுரைப் பிரிவு உண்டு. நல்ல வாக்கியங்கள் இங்கே ஏராளம். கொரோனாக் காலத்தில் நகல் எடுத்துக் கட்டிக் கொடுத்த பாடக் கட்டுகளைத் தனியாக நிரப்பிய வகுப்பினர் எழுதியவற்றில் சில அபாரமானவை. ஆனால் நேரம் குறித்து, நடுவர்களுக்காக எழுதுவதால் கடைசிப் பத்தியில் நாட்டுப்பற்றோ நம்பிக்கையோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பத்தியை மறைத்துவைத்துவிட்டுப் படிப்பது என் வழக்கம்.

இன்னொரு குறையும் இருக்கிறது. போட்டிகள் ஆங்கிலத்திலும், தகாலோக்கை அடிப்படையாகக் கொண்ட தேசிய மொழியான பிலிபினோவிலும்தான். செபுவிலும் இலோயிலோவிலும் பிள்ளைகள் தோழிகளிடம் அரட்டை அடிப்பது வேறு மொழிகளில். முதல் சில வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வியைக் கட்டாயமாக்கிய ஏற்பாடும் 2024-இல் விலக்கப்பட்டது. 'பிசயா' போன்ற வட்டார மொழி இதழ்கள் 1930-களிலிருந்து வருகின்றன, அவற்றில் எழுதுகிறவர்கள் பெரியவர்கள். தொழிற்கல்விப் பிரிவைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். வெல்டிங்கிலோ சமையலிலோ தேசியச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு முதலில் கிளம்பப் போகிறவர்கள் அவர்கள். நான் படித்த கட்டுரைகளில் அவர்கள் வருகிறார்கள், எழுதுவதென்னவோ அடுத்த வகுப்பறையில் மானுடக் கலைகள் படிக்கும் தோழிதான்.