நாவல் வகுப்பில் வாட்ஸ்அப்

தமிழ் இலக்கிய வகுப்பில் நாவல் நடத்தும்போது வாய் திறப்பவர்கள் பெரும்பாலும் அதே நான்கைந்து பேர்தான். 2020இல் பெருந்தொற்றால் பாடம் கைபேசிக்கு மாறியது. அப்போது பழக்கமான வாட்ஸ்அப் குழுவை நாவல் விவாதத்துக்கும் பயன்படுத்தினால், இந்த நிலை ஓரளவு மாறும். எழுந்து பேசக் கூச்சப்படுபவருக்கு யோசித்து எழுத அவகாசம் கிடைக்கிறது.

1976இல் வெளிவந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ இதற்குத் தோதான நாவல். தெலுங்கு தேசத்திலிருந்து தப்பிவந்து கரிசல் மண்ணில் குடியேறியவர்களின் கதையை அதில் ஒரு மூதாட்டி சொல்கிறார். காதால் கேட்கவேண்டிய அந்த நடையை ஒரு மாணவி குரல்பதிவாக வாசித்து அனுப்பலாம். கோவில்பட்டிப் பக்கத்து மாணவர் ஒரு வட்டாரச் சொல்லைத் தன் பாட்டியின் வாயாலேயே விளக்கச் செய்யலாம். கி.ரா. தொகுத்த கரிசல் வழக்கு அகராதியும் கையில் இருந்தால் வகுப்பே சொல் சேகரிப்பில் இறங்கிவிடும்.

சேகரிப்புக்கு உதவும் அதே குழு, வாதத்துக்கு வந்தால் தடுமாறுகிறது.

நாவலில் கொலைகாரனைக் கழுவேற்றும் பகுதியைப் படமெடுத்துப் போட்டால் ‘சரியான தண்டனை’, ‘காட்டுமிராண்டித்தனம்’ என ஒற்றைவரித் தீர்ப்புகளும் கட்டைவிரல் குறிகளும் குவியும். ஊரே நீதி வழங்கிய காலத்தை நாவல் எப்படிப் பார்க்கிறது என்று கேட்டால், முழு நூலையும் படித்தவர்தான் பதில் சொல்ல முடியும். யூடியூபில் கதைச்சுருக்கம் கேட்டவரும் குழுவில் சமமாக வாதாடுவார்.

துண்டு வாசிப்பின் விளைவைத் தமிழகம் கண்டிருக்கிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. 2014 இறுதியில் அதன் சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்துப் பரப்பப்பட, திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டது. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அவர் ஃபேஸ்புக்கில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அன்று ஜெராக்ஸ் தாள் செய்த வேலையை இன்று ஸ்கிரீன்ஷாட் நொடியில் செய்துவிடும். சாதி பற்றியோ காமம் பற்றியோ மாணவர் எழுதும் வரியும் அப்படி வெளியே போகலாம். குழுவில் கைபேசி எண்கள் தெரிவது மாணவிகளுக்குத் தனித் தொல்லை.

எனவே சொல், குரல், படம், கேள்வி ஆகியவை குழுவில் சேரட்டும். பக்க எண் இல்லாத கருத்து ஏற்கப்பட வேண்டாம். வாதம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பறையில் நடக்கட்டும். கைபேசி இல்லாதவர் தாளில் எழுதித் தரலாம். பதிவுகளின் எண்ணிக்கைக்கு அகமதிப்பீட்டு மதிப்பெண் என்று வைத்தால் மட்டும் இந்த ஏற்பாடு குலையும். கெடு முடிவதற்கு முதல் நாள் இரவில் ‘அருமை’, ‘உண்மை’ என்று ஐம்பது பதிவுகள் வந்து விழும்.