பால் நிட்டரும் அம்மாவின் செபமாலையும்

பால் நிட்டரின் ‘புத்தர் இல்லாமல் நான் கிறிஸ்தவனாக இருந்திருக்க முடியாது’ (2009, ஆங்கிலம்) புத்தகத்தை இரண்டாவது முறையாகப் படித்தேன். முதல் முறை ரொம்பப் பிடித்திருந்தது. இந்த முறை ஒரு இடத்தில் கோபம் வந்தது.

நிட்டர் அமெரிக்கக் கத்தோலிக்க இறையியலாளர். 1966இல் குருவானவர், பிறகு குருத்துவத்தை விட்டு, திருமணம் செய்துகொண்டு, இறையியல் பேராசிரியராக இருந்தவர். 2008இல் திபெத்திய மரபில் முறைப்படி சரணம் புகுந்தார். ஆனாலும் கிறிஸ்தவர்தான் என்கிறார்.

அத்தியாயங்கள் எல்லாம் ஒரே தடத்தில் போகின்றன. கிறிஸ்தவ நம்பிக்கையில் தனக்கு இடறுகிற ஒன்றை எடுப்பார், பௌத்தத்துக்குள் போய்ப் பார்ப்பார், திரும்பி வந்து பழையதைப் புதிதாகச் சொல்வார். உலகத்துக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருக்கும் கடவுளை அவரால் ஏற்க முடியவில்லை. சூன்யதையும், எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தே இருக்கின்றன என்ற திக் நாட் ஹானின் விளக்கமும் கைகொடுக்கின்றன. எல்லாவற்றையும் இணைக்கும் ஆவியாகக் கடவுள் திரும்பி வருகிறார். இந்தப் பகுதி அருமை. பாவனை இல்லாத எழுத்து.

சிக்கல் செபத்தில் வருகிறது. கடவுளிடம் ‘இதைக் கொடு, அதைச் செய்’ என்று கேட்பது நிட்டருக்குச் சங்கடம். மௌனத்தை ஒரு திருவருட்சாதனமாகவே ஆக்கலாம் என்கிறார். நானும் பல வருஷமா காலையில் மூச்சைக் கவனிச்சு உட்கார்றவன், ஞாயிறு பூசைக்கும் போறவன். முதல் முறை படிச்சப்போ, ‘ஆமா, நாமெல்லாம் கேக்குற கட்டத்தைத் தாண்டியாச்சு’ன்னு ஒரு மிதப்பு.

அப்புறம் அம்மாவை ஐசியூவில் வெச்சிருந்த ராத்திரி வந்தது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கவெல்லாம் முடியலை. அம்மாவோட செபமாலையை உருட்டிக்கிட்டே கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன். கெத்சமனியில் இயேசுவும் கேட்கத்தானே செய்தார்? மாதா கேட்டதைக் கொடுக்கலைன்னா அம்மா ரெண்டு நாள் கோவிச்சுக்குவாங்க. நிட்டரின் கடவுளிடம் கோவிச்சுக்கக்கூட முடியாது.

கிறிஸ்தவத்தை இத்தனை குடைகிறவர், மறுபிறவியை அதே கடுமையோடு குடைவதில்லை. ரெண்டு சிஸ்டத்தை இணைக்கும்போது பொருந்தாத ஃபீல்டுகளை விட்டுட்டு, மைக்ரேஷன் முடிஞ்சதுன்னு ரிப்போர்ட் அனுப்புவோமே, அந்த மாதிரி.

கடைசி அத்தியாயம் மட்டும் வேறு ரகம். 1980களில், அமைதிப் பணிக்காக எல் சால்வடாருக்குப் போக இருந்த நிட்டர், ஸென் ஆசான் பெர்னி கிளாஸ்மனிடம் பேசுகிறார். தியானத்தில் உட்காரவும் வேண்டும், கொலைப்படைகளைத் தடுக்கவும் வேண்டும், ஆனால் அவர்களும் நீயும் ஒன்று என்று உணராதவரை அவர்களைத் தடுக்க முடியாது என்கிறார் ஆசான். ஏழைகள் பக்கம் நின்றே ஆகவேண்டும் என்ற விடுதலை இறையியலில் ஊறியவருக்கு இது எப்படி விழுங்கும்? இங்கேதான் பௌத்தமும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கிறது. கொல்லப்பட்டவரின் தாயிடம் போய் அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நிட்டரும் அதை அவசரமாக மூடிவிடவில்லை.

நேரமில்லாதவர்கள் முதல் அத்தியாயத்தையும் இதையும் படித்தால் போதும்.